பிரிக்காத மடிப்பு

அந்தக் கோடு அங்கே இருக்கக் கூடாது. என்கிட்ட படிக்கிற நஸ்ரின் பேசிக்கிட்டிருக்கா, நல்லாத்தான் பேசறா, போன மாசம் வரைக்கும் நாலு பேர் முன்னால நின்னாலே தொண்டை கட்டிக்கிற பொண்ணு இன்னிக்கு கையில குச்சியை வெச்சுக்கிட்டு, நூல்மில் காலனிப் பிள்ளைங்க எந்த வழியா பள்ளிக்கூடத்துக்கு நடக்குதுங்கன்னு ஷீட் ஷீட்டாக் காட்டறா. நானும் தலையாட்டறேன். ஆனா என் கண்ணு அவ குச்சி போற இடத்துக்குப் போக மாட்டேங்குது. மூணாவது ஷீட்டுல, லைன் வீடுங்க இருக்கிற இடத்துல, சாம்பல் கலர்ல விட்டு விட்டு ஓடற ஒரு கோட்டுல போய் நின்னுடுச்சு. ஒரு கோடு இல்லை, ரெண்டு. பக்கத்துல பக்கத்துல. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு அகலம்னு அளக்க எனக்கு ஸ்கேல் வேண்டாம், இருபத்தாறு வருஷமா இதே பொழப்பு. எண்பதடி. ரயில்வே கேட்டுல ஆரம்பிக்குது, மில் சுவரை விட்டு விலகுது, லைன் வீட்டு முதல் வரிசை மேல ஏறுது, ரெண்டாவது வரிசை மேல ஏறுது, ரேஷன் கடை, குழாயடி, எல்லாத்து மேலயும் நேரா போகுது. அதே குழாயடி பக்கத்துல நின்னு, மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, போன மாசம் பத்தொன்பதாம் தேதி நான் சொன்னேன். உங்க வீட்டுப் பக்கம் எண்பதடி ரோடு வராது. நான் சொல்றேன்.

இல்லை, வேற ஏதாவதா இருக்கும். மில் காலத்துச் சாக்கடையா இருக்கும். நஸ்ரினும் அப்படித்தான் நெனைச்சிருக்கா, குச்சியை அது மேலயே வெச்சு, "இந்த டிரெய்னேஜை ஒட்டி மரம் வெச்சா பிள்ளைங்களுக்கு நிழல் கிடைக்கும் மேம்"ங்கறா. எண்பதடி அகலத்துக்கு எவன்டி சாக்கடை வெட்டுவான். வெளியூர்ல இருந்து மார்க் போட வந்திருக்கிற ஜூரி சார் "குட், குட்"னு எழுதிக்கிறார், அவருக்கு என்ன தெரியும், அவர் நாலரை மணி ரயிலைப் பத்தி யோசிச்சுக்கிட்டிருக்கார். எனக்கு வலது பக்கம் அம்சவேணி. அம்சாவுக்கு ஜூரின்னா பென்சிலால மேஜையைத் தட்டிக்கிட்டே இருக்கணும், டிக் டிக்னு, ஹாஸ்டல்ல படிக்கிற காலத்துல இருந்து அந்தப் பழக்கம், நான் ராத்திரி எழுந்து அந்தப் பென்சிலைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளிய எறிஞ்சிருக்கேன். இப்போ அந்தச் சத்தம் கேக்கலை. எப்போ நின்னுச்சு? மூணாவது ஷீட்டைப் பின் குத்தினப்போ. நான் திரும்பிப் பார்க்கலை. திரும்பினா அவ மூஞ்சியில என்ன இருக்கும்னு தெரிஞ்சுடும், தெரிஞ்சுட்டா அது சாக்கடை இல்லைன்னு ஆயிடும். நாங்க ரெண்டு பேரும் சைக்கிள் கடை மாடியில ஒரே ஒரு வரைமேஜையோட ஆபீஸ் ஆரம்பிச்சவங்க. ஒருத்தி வரையும்போது இன்னொருத்தி தரையில உட்கார்ந்து கணக்குப் போடுவா. இன்னிக்கு அரசாங்கத்துக்காக இந்த ஊர் மாஸ்டர் பிளானே எங்க ஆபீஸ்லதான் தயாராகுது, வாரத்துல ரெண்டு நாள் இந்தக் காலேஜ்ல வந்து நகரத் திட்டம் பாடமும் எடுக்கறோம். வேலையைப் பிரிச்சுக்கிட்டதும் அப்போ பிரிச்சுக்கிட்டதுதான். படம் அவ, ஜனம் நான். சர்வே, கூட்டம், வீடு வீடாப் போய்க் கேக்கறது எல்லாம் என் பாடு. அவளுக்கு ஜனங்க கூட்டமா நின்னா மூச்சு முட்டும். எனக்கு கம்ப்யூட்டர் முன்னால பத்து நிமிஷம் உட்கார்ந்தா கழுத்து பிடிச்சுக்கும். இது ரொம்ப வசதியான ஏற்பாடுன்னு நாங்களே எத்தனை தடவை பெருமையாச் சொல்லியிருக்கோம், பசங்க கிட்டக்கூட.

ஜனங்க கிட்ட என்ன சொல்லணும்னு அவதான் சொன்னா. ஆபீஸ் படிக்கட்டுல, செருப்பு மாட்டிக்கிட்டே. வெளியான வரைவுத் திட்டத்துல அந்த எண்பதடி ரோடு ரயில்வே கேட் வரைக்கும் வந்து நின்னுடும், அதுக்கு அப்புறம் எப்படிப் போகும்னு "பின்னர் முடிவு செய்யப்படும்"னு ஒரு வரி, அவ்வளவுதான். காலனிக்காரங்க பயந்துக்கிட்டாங்க, பயப்படத்தானே செய்வாங்க. மில்லு மூடி இருபது வருஷமாச்சு, மில்லுல வேலை செஞ்சவங்களோட பிள்ளைங்க அந்த லைன் வீட்டுலயே இருக்காங்க, நூத்தி நாப்பத்தி மூணு வீடு. ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் நான் போயிருக்கேன், எந்த வீட்டுல ஒழுகும், எந்த வீட்டுல மாமியார் கட்டில் நடையில கிடக்கும்னு எனக்குத் தெரியும். அம்சா சொன்னா, "ரோடு மில்லோட காலி இடத்து வழியாத்தான் போகுது தெய்வா, நீ தைரியமாப் போய்ச் சொல்லு." போய்ச் சொன்னேன். தைரியமா. கூட்டத்துல வசந்தமணிதான் எழுந்து நின்னா, டெய்லரிங் யூனிட்டுல ஓவர்லாக் மெஷின் ஓட்டற பொண்ணு, காலனி சார்புல எதுன்னாலும் அவதான் முன்னால நிப்பா. "மேடம், இதை எழுத்துல குடுப்பீங்களா?"ன்னு கேட்டா. எனக்குச் சுருக்குனு ஆச்சு. இவ்வளவு நாள் பழகின பிறகு எழுத்து எதுக்குன்னு. "எழுத்து எதுக்கு வசந்தமணி, நான் சொல்றேன்ல"ன்னேன். கூட்டத்துல ரெண்டு பேர் கைகூடத் தட்டினாங்க. வசந்தமணி உட்கார்ந்துட்டா. மூணு நாள் கழிச்சு இங்கேயே காலேஜுக்கு வந்தா, கையில ஒரு கட்டு, வீட்டுக்கு ஒண்ணா நூத்தி நாப்பத்தி மூணு ஆட்சேபணை மனு. "இதைக் குடுக்கணுமா வேண்டாமாங்க மேடம்?" நான் சொன்னேன், வேண்டாம், வீணா எதுக்கு அலையறீங்க, ரோடுதான் அந்தப் பக்கம் போகுதே. அவ என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தா. "அப்போ நீங்களே வெச்சுக்கங்க மேடம்"னு மேஜை மேல வெச்சுட்டுப் போயிட்டா. அந்தக் கட்டு என் ரூம் பீரோவுல இருக்கு. ஆட்சேபணை குடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாள். அஞ்சே முக்காலுக்கு ஊரமைப்பு ஆபீஸ்ல கவுன்ட்டரை மூடிடுவாங்க. மனு குடுக்காதவங்களை விசாரணைக்கே கூப்பிட மாட்டாங்க, அப்புறம் நீ அழுதாலும் புரண்டாலும் ஒண்ணும் நடக்காது. இப்போ மணி மூணு இருபது.

சாக்கடைதான், சாக்கடைதான்னு சொல்லிக்கிட்டே ஷீட்டோட கீழ் மூலைக்குக் கண்ணு போயிடுச்சு. பாழாப்போன கண்ணு. நஸ்ரின் தன் பேர், ரோல் நம்பர் எல்லாம் மேல அழகாப் போட்டிருக்கா, ஆனா கீழ எங்க ஆபீஸ் பேர் போட்ட கட்டத்தை அழிக்க மறந்துட்டா. பசங்களுக்கு அடிப்படைப் படம் எங்க ஆபீஸ்ல இருந்துதான் குடுப்போம், பென் டிரைவ்ல ஏத்தி. ஊர்ல வேற யார்கிட்டயும் அவ்வளவு சுத்தமான படம் கிடையாது, இந்தக் காலேஜ் எங்களைக் கூப்பிடறதுக்கே பாதிக் காரணம் அதுதான். கம்ப்யூட்டர்ல ஒரு படம்ங்கறது ஒரே படம் இல்லை, லேயர் லேயரா இருக்கும், வீடு ஒரு லேயர், தெரு ஒரு லேயர், வரப்போற ரோடு ஒரு லேயர். வெளிய குடுக்கறப்போ வேண்டாத லேயரை அணைச்சுட்டுக் குடுக்கணும். எவனோ அணைக்காமக் குடுத்திருக்கான். இந்தப் பொண்ணும் அது என்னன்னே தெரியாம அதை ஒட்டி மரம் நட்டிருக்கா, பச்சைப் பச்சையா, வரிசையா. அந்தக் கட்டத்துல தேதி போட்டிருக்கு. பதினொண்ணு. கூட்டம் பத்தொன்பது. எட்டு நாள். எட்டு நாள் முன்னாலயே கோடு இருந்திருக்கு. எட்டு நாளும் நாங்க ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டிருக்கோம், எங்க வீட்டுக் கீரை அவளுக்குப் பிடிக்கும்னு ரெண்டு நாள் தனியா டப்பாவுல கொண்டுபோனேன். அதுக்குக் கீழ மூணு சின்னக் கட்டம். வரைந்தது, சரிபார்த்தது, ஒப்புதல். ஒப்புதல்ல "அம்". சரிபார்த்ததுல "தெ". தெய்வானைக்குத் தெ. எங்க ஆபீஸ்ல வேற தெ கிடையாது. நான் பேப்பர்ல கையெழுத்துப் போட்டப்புறம்தான் கம்ப்யூட்டர்ல அந்த எழுத்தை அடிப்பாங்க, அது நான் வெச்ச சட்டம், சரிபார்க்காம யார் பேரும் ஏறக் கூடாதுன்னு நான்தான் கத்தினேன்.

நான் சரிபார்க்கலை. கடவுள் சத்தியமாப் பார்க்கலை. இரு, யோசி. பதினொண்ணு என்ன கிழமை. திங்கள். திங்கள் நான் இங்கேதான் இருந்தேன், செமஸ்டர் பேப்பர் திருத்திக்கிட்டு, அம்சா கதவைத் தட்டிட்டு வந்தா, கையில மடிச்ச ஷீட்டுங்க, பதினாலு. "கையெழுத்துப் போட்டுடு தெய்வா, வண்டி கீழ நிக்குது." ஷீட் மடிக்கறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. எவ்வளவு பெரிய படமா இருந்தாலும் விசிறி மடிப்பா மடிச்சு, கீழ் வலது மூலை மேல வந்து நிக்கற மாதிரி முடிக்கணும். அந்த மூலையிலதான் கட்டம் இருக்கு, பேர், நம்பர், தேதி, கையெழுத்து. அப்படி மடிச்சா, பிரிக்காமலே எந்தப் படம்னு கண்டுபிடிச்சுடலாம். பிரிக்காமலே கையெழுத்தும் போட்டுடலாம். முதல் செமஸ்டர் முதல் வாரம் நான் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதே இதுதான், தப்பா மடிச்சவன் ஷீட்டைத் திருப்பிக் கையில குடுத்துடுவேன், பத்து தடவை மடிக்க விடுவேன். பதினாலு மூலை. பதினாலு தெ. ஒண்ணு போட்டதும் அவ அடுத்ததை நகர்த்தி வெச்சா, நான் இடது கையில பேப்பர்க் கட்டைப் பிடிச்சுக்கிட்டே போட்டேன், நடுவுல எதுவோ சொல்லிச் சிரிச்சோம்கூட. என்ன சொல்லிச் சிரிச்சோம்? ஞாபகம் வரலை. அதுல எத்தனாவது ஷீட் இது? அவளுக்குத் தெரியும். நான் போடப் போட அவ எண்ணியிருப்பா. சிரிச்சுக்கிட்டே எண்ணியிருப்பா. நஸ்ரின் "தேங்க் யூ"ங்கறா, ஜூரி சார் என்னைப் பார்க்கறார், நான் ஏதோ கேக்கணும், கைடு நான்தான். "நல்லா இருக்கும்மா"ன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசற மாதிரி இருந்துச்சு.

டீ வந்துடுச்சு, வெங்காய போண்டாவும். எல்லாரும் எழுந்தாங்க. வராந்தாக் கோடியில ஜன்னல் பக்கம் நான் போய் நின்னேன், அவ வருவான்னு தெரியும், வந்தா. வந்து அவ சொன்ன முதல் வார்த்தை, "லேயரை அணைக்காமக் குடுத்திருக்கான் பாரு." அவ்வளவுதான். அவளைப் பொறுத்த வரைக்கும் நடந்த தப்பு அது ஒண்ணுதான். "அதுவா அம்சா இப்போ பிரச்சினை?"ன்னேன். "கத்தாதே, பசங்க பார்க்கறாங்க." நான் கத்தலை. "மில்லு இடம் என்னாச்சு?" "வித்துட்டாங்க. ஃபிளாட் வருது. அது மேல போய் ரோடு போட முடியுமா, நீயே சொல்லு." "என்கிட்ட ஏன் சொல்லலை?" அவ போண்டாவைப் பாதியாப் பிச்சு எனக்கு நீட்டினா, எப்பவும் அப்படித்தான், முப்பது வருஷமா ஒரு போண்டாவை ரெண்டு பேரும் தனித்தனியாச் சாப்பிட்டதில்லை. என் கையும் பாரு, அது பாட்டுக்கு நீண்டு வாங்கிடுச்சு. "உனக்குப் பொய் சொல்ல வராது தெய்வா"ன்னா. ரொம்பப் பிரியமாச் சொன்னா, அதுதான் தாங்க முடியலை, என் நல்ல குணத்தை எடுத்துச் சொல்ற மாதிரி. "தெரிஞ்சிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும். அந்த ஜனங்க நம்பறது உன்னைத்தான். கூட்டம் கலாட்டா இல்லாம முடியணும்னா உனக்குத் தெரியாம இருக்கறதுதான் நல்லதுன்னு பட்டுச்சு." அப்போ நான் யாரு. இருபத்தாறு வருஷமா நான் ஜனத்தைப் பார்த்துக்கறேன், அவ படத்தைப் பார்த்துக்கறான்னு நெனைச்சுக்கிட்டிருக்கேன், அவ என்னையும் சேர்த்துல்ல பார்த்துக்கிட்டிருந்திருக்கா, எங்கே எதைச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு. "கையெழுத்து?"ன்னேன். "நீதானே போட்டே. பிரிச்சுப் பார்க்காதேன்னு நான் சொன்னேனா?" இல்லை. சொல்லலை. அதுவும் உண்மைதான். "இப்போ ஒண்ணும் பண்ணாதே. அஞ்சே முக்காலுக்கு மேல நிதானமாப் பேசிக்கலாம்"னு என் தோளைத் தட்டிட்டு உள்ளே போனா. அஞ்சே முக்கால்னு அவ சொன்னா. ஆறு மணிக்குன்னு சொல்லலை, சாயங்காலம்னு சொல்லலை. நேரத்தை மனசுல வெச்சிருக்கா. போண்டா என் கையிலயே பிசுபிசுத்துச்சு, ஜன்னல் கட்டையில வெச்சேன்.

வசந்தமணிக்குப் போன் அடிச்சேன், எடுக்கலை, மறுபடி அடிச்சேன், எடுக்கலை. யூனிட்டுக்குள்ள போன் விட மாட்டாங்க. என்னன்னு சொல்லுவேன் எடுத்திருந்தா. மனுவை இப்போ குடுக்கப் போறேன்னா, ஏன்னு கேப்பா. நான் சொல்றேன்லன்னு சொன்னவ நான். அந்த வார்த்தை நாக்குல உப்பாக் கரிக்குது. வேண்டாம், பேச்சு அப்புறம், முதல்ல கட்டு. மாடி ஏறி ரூமைத் திறந்து பீரோவைத் திறந்தா பழைய செமஸ்டர் ஷீட்டுங்களுக்கு அடியில இருக்கு, பனியன் வேஸ்ட் துணியைக் கிழிச்சுக் கட்டின கட்டு, வெச்ச மாதிரியே. ஆட்டோ பிடிச்சா அரை மணி நேரம், மணி மூணே முக்கால், நேரம் இருக்கு, நிறைய இருக்கு. போறதுக்கு முன்னாடி எண்ணிடலாம்னு முடிச்சை அவுத்தேன், நகம் போகுது, அவ்வளவு இறுக்கமா முடிச்சுப் போட்டிருக்கா, கடைசியில பல்லால கடிச்சு அவுத்தேன். முதல் தாள், மதிப்பிற்குரிய ஐயா. கையெழுத்து கறுப்பா இருக்கு. ரெண்டாவது தாள்லயும் கறுப்பு. கைநாட்டுகூட ஊதா இல்லை, சாம்பலா இருக்கு. ஜெராக்ஸ். அத்தனையும் ஜெராக்ஸ். ஒரு நிமிஷம் எனக்குத் தலை சுத்திடுச்சு, ஜெராக்ஸைக் கவுன்ட்டர்ல வாங்க மாட்டான், அசல் எங்கே, அசலுக்கு எங்கே போவேன். அப்புறம்தான் மேல ஓரத்துல அந்த வட்ட முத்திரையைப் பார்த்தேன். பெறப்பட்டது. தேதி இருபது. ஒவ்வொண்ணுலயும். ஒவ்வொண்ணாத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நூத்தி நாப்பத்தி மூணுலயும் வட்டம், நூத்தி நாப்பத்தி மூணுலயும் இருபது. கூட்டம் பத்தொன்பது சாயங்காலம். இருபதாம் தேதி காலையிலயே குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாள் கழிச்சுத்தான் என்கிட்ட வந்து, குடுக்கணுமா வேண்டாமான்னு கேட்டிருக்கா. தரையில அப்படியே உட்கார்ந்துட்டேன். அவங்க தப்பிச்சாங்க, நான் சந்தோஷப்படணும், எனக்கு எரிச்சலா வந்துச்சு, அழுகையா வந்துச்சு. நீயுமா வசந்தமணி. உன் வீட்டுல எத்தனை தடவை டீ குடிச்சிருக்கேன். ஒரு மாசமா இந்தக் கட்டு இங்கே இருக்கு, நான் ஒரு தடவை முடிச்சை அவுக்கலை, அது தோணலை, இவ ஏமாத்திட்டாளேன்னு மட்டும் உடனே தோணுது.

போன் அடிச்சுது. "கூப்பிட்டிருந்தீங்களா மேடம்? உள்ளே போனை எடுக்கக் கூடாதுங்க, இப்பத்தான் டீக்கு விட்டாங்க." பின்னால மெஷின் சத்தம், யாரோ சிரிக்கிறாங்க. "கட்டைப் பிரிச்சேன் வசந்தமணி"ன்னேன். "ஓ"ன்னா. "இப்பத்தான் பிரிச்சீங்களா?" நான் பேச்சை மாத்தினேன். "அன்னிக்கே குடுத்துட்டீங்களே, அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்து கேட்டீங்க? என்னை நம்பலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல." கோவமாத்தான் கேட்டேன், எனக்கு உரிமை இருக்கற மாதிரி. "நம்பாம என்னங்க மேடம். நீங்க பொய் சொல்ற ஆளு இல்லைன்னு காலனிக்கே தெரியுமுங்க. அன்னிக்குக் கூட்டத்துல நீங்க அவ்வளவு தைரியமாப் பேசினீங்க பாருங்க, அதுலதானுங்க பயம் வந்துச்சு. விஷயம் தெரிஞ்சவங்க யாரும் அப்படித் தயங்காம பேச மாட்டாங்க. இவங்களுக்கு ஒண்ணும் சொல்லாம அனுப்பி வெச்சிருக்காங்கன்னு எங்களுக்குத் தோணுச்சுங்க. அதான் விடிஞ்சதும் கொண்டுபோய்க் குடுத்துட்டோம். அதுக்கு அப்புறமாவது உங்களுக்குச் சொல்லியிருக்காங்களான்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க. சொல்லலைன்னு உங்களைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு." சிதறிக் கிடந்த தாளுங்களைக் கூட்டிச் சேர்த்தேன். "அப்போ இந்தக் கட்டை ஏன் என்கிட்ட வெச்சுட்டுப் போனீங்க?" "என்னிக்காவது பிரிச்சுப் பார்ப்பீங்கன்னுதானுங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மனசு கஷ்டப்படாதீங்க மேடம். பதினாலாம் தேதி விசாரணைங்க. ரோடு இந்தப் பக்கம்தான்னு நாங்க சொன்னா, எதை வெச்சுச் சொல்றீங்கன்னு கேப்பாங்க. எங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்க. வெறும் பயம்தான் இருக்கு"ன்னா. மணி அடிச்சுது அவங்க பக்கம், டீ நேரம் முடிஞ்சுது. "படம் ஒண்ணு இருக்கு. நானே எடுத்துக்கிட்டு வர்றேன்"ன்னேன். நான் சொல்றேன்லன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அவளும் சரிங்கன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டா.

கீழ இறங்கினப்போ ஹால்ல அடுத்தவன் பேச ஆரம்பிக்கலை. நஸ்ரின் ஷீட்டைக் கழட்டி மடிச்சுக்கிட்டிருந்தா, விசிறி மடிப்பு, கச்சிதமா, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே. மூணாவது ஷீட்டோட மூலை மேல வந்து நின்னுச்சு, பதினொண்ணும் தெயும் பளிச்சுனு. அதை எடுத்தேன். "மேம், ஏதாவது தப்பா வரைஞ்சுட்டேனா?"ன்னா, முகம் சுருங்கிடுச்சு பாவம். "இல்லைம்மா. நீ ஒண்ணும் தப்பு பண்ணலை. மார்க் குறையாது, இதை மட்டும் நான் வெச்சுக்கறேன்." மேஜையில அம்சா பென்சிலை எடுத்துக்கிட்டா, தட்டலை. நான் பையை மாட்டறதைப் பார்த்துக்கிட்டே இருந்தா. கிட்ட வந்தப்போ யாருக்கும் கேக்காம, முப்பது வருஷப் பழக்கத்தோட, "தெய்வா, அதுல சரிபார்த்த இடத்துல உன் பேர்தான் இருக்கு, தெரியுமில்ல? அதைக் கொண்டுபோனா முதல்ல நீதான் மாட்டுவே"ன்னா. அவ சொன்னது சரிதான். இருந்தாலும் அவ முன்னாலயே மேஜை மேல வெச்சு ஷீட்டோட மடிப்பு ஒவ்வொண்ணையும் பிரிச்சேன், ரயில்வே கேட், மில் சுவர், முதல் வரிசை, ரெண்டாவது வரிசை, நஸ்ரினோட பச்சை மரங்க, குழாயடி. "தெரியும். இப்பத்தான் சரிபார்த்தேன்"ன்னேன். மறுபடி மடிக்கலை, அப்படியே சுருட்டி எடுத்துக்கிட்டு வெளிய வந்தேன்.